துருப்பிடிச்ச ஊக்கு

என்னை மாதிரி ஒரு அவசரக்குடுக்கைய மரக்காணம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. "அடுப்புல வச்ச வெந்நி கொதிக்கற வரைக்கும் கூட உனக்குப் பொறுமை இல்லியேடி"ன்னு எங்கம்மா தலைல அடிச்சுக்கும். அப்பேர்ப்பட்டவளுக்கு அமைஞ்ச வேலையப் பாருங்க. மனுஷங்கள மிஷினுக்குள்ள படுக்க வச்சு, "ஆடாதீங்க, அசையாதீங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க"ன்னு நாள் பூரா சொல்ற வேலை.

என் பேரு மேரிசெல்வி. புதுச்சேரில ஒரு ஸ்கேன் சென்டர்ல எம்.ஆர்.ஐ. டெக்னீசியனா இருக்கேன். தினமும் மரக்காணத்துலேர்ந்து பஸ்ல போயிட்டு வர்றேன். எங்கப்பா உப்பளத்துக் கூலிதான், உப்பு வாரித்தான் என்னைப் படிக்க வச்சாரு.

ரெண்டாயிரத்து ஆறு பொங்கல் முடிஞ்ச கையோட எங்க டாக்டர் தட்சணாமூர்த்தி என்னைக் கூப்பிட்டாரு. "மேரி, கொளஞ்சியம்மாள் ரெண்டாவது ஸ்கேனுக்கு வரணும். அவங்கதான் எழுத்துக்கூட்டி நல்லாப் படிக்கறாங்களாமே. நீ போய்க் கூப்பிட்டா வருவாங்க" அப்படின்னாரு. சரிங்க டாக்டர்னு தலையாட்டிட்டு வெளிய வந்தேன். உடனே கெளம்பாம, தொடச்ச மேஜையவே திரும்பத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். கொளஞ்சிக்கா முகத்தப் பார்த்துப் பேசணும்னாலே எனக்கு இப்பல்லாம் அப்படித்தான்.

விஷயத்த மொதல்லேர்ந்தே சொல்லிடறேன்.

டாக்டருக்கு ஒரு ஆராய்ச்சி. படிக்கவே தெரியாத பெரியவங்க எழுத்துப் படிச்சா, அவங்க மூளைக்குள்ள ஏதாவது மாறுதான்னு பார்க்கணும். மூளைக்குள்ள வெள்ளையா நார் நாரா ஓடுது. இந்த எடத்துலேர்ந்து அந்த எடத்துக்குச் சேதி கொண்டு போற நாருங்க. சாதாரண ஸ்கேன்ல அது வெறும் வெள்ளையாத்தான் தெரியும், எது எங்க போவுதுன்னு தெரியாது. அதுக்குத்தான் டிஃப்யூஷன்னு ஒரு முறை. நாருக்குள்ள இருக்கற தண்ணி நாரோட போக்குலதான் சுலபமா நகரும், குறுக்கால அவ்வளவா போவாது. எங்க ஊர்க்காரங்களுக்கு நான் இப்படித்தான் சொல்லுவேன்: "பாத்திக்குத் தண்ணி விடறீங்கல்ல, வாய்க்கா வழியாத்தானே ஓடுது, வரப்ப முட்டிக்கிட்டா ஓடுது? அந்த மாதிரி." தண்ணி எந்தப் பக்கம் நகருதுன்னு மிஷின் ஒவ்வொரு திசையா கேட்டுக் கேட்டு, கடைசில நாரெல்லாத்தையும் கலர் கலராப் போட்டுக் காட்டும். எடமும் வலமுமா போறது சிவப்பு, முன்னும் பின்னுமா போறது பச்சை, மேலயும் கீழயுமா போறது நீலம். பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். ஆனா படுத்திருக்கறவங்க தலைய ஆட்டிட்டா எல்லாம் பாழ்.

எங்க ஊர்ல சாயங்கால வகுப்பு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, உப்பளத்துப் பொம்பளைங்களுக்கு எழுத்துச் சொல்லித்தர. டாக்டருக்கு அது வசதியாப் போச்சு. வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன், படிச்சு முடிச்சப்புறம் இன்னொண்ணு. யாரு வருவா? "மிஷினுக்குள்ள போனா மூளை உருகிடும்"னு ஒருத்தி, "படம் புடிச்சு வித்துடுவாங்க"ன்னு இன்னொருத்தி. நான்தான் வீடு வீடாப் போயி, "நம்ம ஊருப் பொண்ணு நான் இருக்கேன்ல, உங்களுக்கு ஒண்ணும் ஆவாது, என்னை நம்பி வாங்க"ன்னு கெஞ்சினேன். என்னை நம்பித்தான் வந்தாங்க. அதுல மொதல் ஆளா சரின்னு சொன்னது கொளஞ்சிக்கா. அதுக்கு அந்த மிஷினைப் பார்க்கணும்னு அவ்வளவு ஆசை.

அந்தப் பொம்பளைங்கள வேன்ல கூட்டிட்டு வந்தது ரெண்டாயிரத்து நாலு, கிறிஸ்மஸுக்கு மொத நாள். மழைக்காலம், அளத்துல வேலை கிடையாது, அதனால அன்னிக்கு வசதின்னு வச்சிட்டாரு டாக்டர். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே எரிச்சல். எங்க வீட்டுல அதிரசத்துக்கு மாவு கலந்து வச்சிட்டு அம்மா காத்துக்கிட்டு இருக்கு. துணி எடுக்கணும், ஸ்டார் கட்டணும், ராத்திரி பூசைக்குப் போவணும். எப்படா இவங்கள முடிச்சு அனுப்பிட்டு பஸ் ஏறுவோம்னு இருந்தேன். கொளஞ்சிக்காதான் கடைசி ஆளு.

காந்த ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி உடம்புல இருக்கற உலோகம் எல்லாத்தையும் கழட்டணும். தோடு, மூக்குத்தி, கொலுசு எல்லாம் கழட்டி வச்சிட்டு அக்கா வந்து நின்னுச்சு. தாலிக் கயிற மட்டும் ரவிக்கைக்குள்ள தள்ளி விட்டிருந்துச்சு. எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். மஞ்சக் கயித்துல தாலி, ரெண்டு குண்டு, அதுகூட ஒரு கொத்து ஊக்கு. நம்ம பொம்பளைங்க வழக்கம்தானே, ஆத்திர அவசரத்துக்கு ஆவும்னு ஊக்க எல்லாம் தாலிக் கயித்துலதான் மாட்டி வைப்பாங்க.

தங்கம் காந்தத்துல ஒட்டாது. அது எனக்கு நல்லாத் தெரியும். பிரச்சனை ஊக்குதான், அது இரும்பு. அத மட்டும் கழட்டிட்டா கயிறு கழுத்துலயே இருந்துட்டுப் போவலாம்.

ஆனா கழட்ட முடியல. எங்க ஊர் உப்புக் காத்து எத விட்டு வச்சுது? ஊக்கு எல்லாம் துருப்பிடிச்சு, வாய் தொறக்காம, கயித்து நூலோட ஒட்டிப்போய்க் கெடந்துச்சு. நகத்தால நெம்பிப் பார்த்தேன், நகம்தான் ஒடிஞ்சுது. கத்திரிக்கோலால கயித்த வெட்டினாத்தான் வரும். "ஐயையோ, கத்திரிக்கோல கிட்டக் கொண்டாராத!"ன்னு அக்கா ரெண்டு கையாலயும் கழுத்தப் பொத்திக்கிச்சு.

"அப்ப தலை வழியா அப்படியே எடுத்துடுங்கக்கா. சித்த நேரம்தான். வெளிய வந்ததும் போட்டுக்கலாம்."

"வெறுங்கழுத்தா எப்படி மேரி இருக்கறது? அவர ஒரு வார்த்த கேட்டுட்டுக் கழட்டறேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இது என் கழுத்த விட்டு எறங்கினதே இல்ல."

அவருன்னா செல்லப்பண்ணன், அக்கா வீட்டுக்காரரு. அவரும் அளத்துல வேலைதான். எங்க ஊர்ல பலராமன் டீக்கடைல போன் இருக்கு, கூப்பிட்டா யாராவது போய்ச் சொல்லிக் கூட்டியாருவாங்க. "சரி, இருங்க, நான் பேசிட்டு வர்றேன்"னு ரிசப்ஷனுக்கு வந்தேன். நம்பர் போட்டேன். லைன் பிசி. ஒரே ஒரு தடவதான் போட்டேன். ரெண்டாவது தடவ போட்டிருக்கலாம். கொஞ்சம் பொறுத்துப் போட்டிருக்கலாம். இல்லாட்டி, "இன்னிக்கி வேணாம்கா, ஊக்கக் கழட்டிட்டு இன்னொரு நாள் வாங்க"ன்னு சொல்லியிருக்கலாம். நான் கடிகாரத்தப் பார்த்தேன், வெளிய நிக்கற வேனப் பார்த்தேன், போன வச்சிட்டு உள்ள போனேன்.

"கேட்டுட்டேன்கா. கழட்டட்டும்னாரு."

"நெசமாவா? அவரா? இன்னா சொன்னாரு?"

"கடைல டீ குடிச்சிக்கிட்டு இருந்தாராம். 'மிஷினுக்குள்ள போறவ கழட்டித்தானே ஆவணும், பயப்படாம போவச் சொல்லு'ன்னாரு."

பொய் எவ்வளவு வழுவழுன்னு வந்துச்சு பாருங்க. அக்கா முகம் அப்படியே மலர்ந்துடுச்சு. கயித்தத் தலை வழியா எடுத்து, கண்ணுல ஒத்திக்கிட்டு, என் கைல குடுத்துச்சு. மிஷினு டகடகடகன்னு அலறினப்ப கூட அது அசையவே இல்ல. அன்னிக்கு எடுத்ததுலயே அக்காவோட படம்தான் சுத்தம். அஞ்சரை மணி பஸ்ஸ நான் புடிச்சிட்டேன்.

மறுநாள் கிறிஸ்மஸ். அதுக்கு மறுநாள் ஞாயித்துக்கெழம காலைல கடல் ஊருக்குள்ள வந்துச்சு.

அத நான் விவரிக்கப் போறதில்ல. எங்க கடலோரத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. செல்லப்பண்ணன் கடக்கரைல இருந்திருக்காரு. தண்ணி வடிஞ்சப்புறம் அளத்துப் பக்கம், ஒரு பாத்தி வரப்புலதான் கெடச்சாரு.

நான் சாவு வீட்டுக்குப் போனேன். கொளஞ்சிக்கா செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்துச்சு, அழக்கூட இல்ல. அதோட மாமியாக் கெழவி சின்னப்பாப்பாதான் மாருல அடிச்சுக்கிட்டு அழுதுது. அது திண்டிவனத்துல மக வீட்டுல இருந்து, சேதி கேட்டு ஓடியாந்திருக்கு. வேன்ல கூட வந்தவளுங்க யாரோ தாலி கழட்டின சேதிய அது காதுல போட்டுட்டாளுங்க. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுச்சு.

"எந்த நேரத்துல இவ தாலியக் கழட்டி வச்சாளோ, என் புள்ள போயிட்டான்! புருஷன் உசுரோட இருக்கறப்பவே வெறுங்கழுத்தா நின்ன சண்டாளி! கட்டினவன ஒரு வார்த்த கேட்டாளா?"

கூட்டம் மொத்தமும் கொளஞ்சிக்காவத் திரும்பிப் பார்த்துச்சு. அக்கா கூட்டத்தப் பார்க்காம, என்னை மட்டும் பார்த்துச் சொல்லுச்சு: "நா கேட்டேன் அத்தே. அவருதான் கழட்டச் சொன்னாரு. தோ, மேரியக் கேளு."

இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா, அந்தக் கூட்டம் அக்காவ உயிரோட புதைச்சிடும். ஆமான்னு சொன்னா, செத்தவரு மேல பொய் சொல்றேன். ஏசுவேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு, "ஆமா பெரிம்மா, நான்தான் போன்ல பேசினேன். அண்ணன்தான் கழட்டச் சொன்னாரு"ன்னேன்.

"இன்னா சொன்னான் எம்புள்ள?"

திரும்பச் சொன்னேன். மிஷினுக்குள்ள போறவ கழட்டித்தானே ஆவணும், பயப்படாம போவச் சொல்லு. கெழவி அப்படியே மடங்கி உக்காந்து என் கையப் புடிச்சுக்கிச்சு. "பயப்படாம போவச் சொன்னானா? எம்புள்ள அப்படித்தான் சொல்லுவான். அவன் மனசு அப்படி." அதுக்கப்புறம் மருமகள ஒரு வார்த்த திட்டல. அவளத் தன் பக்கத்துல இழுத்து உக்கார வச்சுக்கிட்டு ரெண்டு பேருமா அழுதாங்க. நான் பின்பக்கமாப் போயி வாந்தி எடுத்தேன்.

கருமாதி அன்னிக்கும் போனேன். வெட்டக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் பொத்தின அதே கயித்த அன்னிக்கு அறுத்தாங்க. ஊக்கு அப்பவும் அதுலயே ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு.

அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. மரக்காணம் பெரிய ஊரா என்ன, கண்ணுல படாம இருக்க? கொளஞ்சிக்காவோட கடைத்தெருவுக்கு வர்ற கெழவி, என்னைப் பார்த்தா உட்டுடாது. "மேரி, இங்க வா. அன்னிக்கு அவன் இன்னா சொன்னான், சொல்லு." நானும் சொல்லுவேன். குரல் எப்படி இருந்துச்சுன்னு கேக்கும், நல்லாத்தான் இருந்துச்சும்பேன். சிரிச்சானான்னு கேக்கும், சிரிச்சாரும்பேன். இப்படியே டீ குடிச்சவரு சிரிச்சாரு, சிரிச்சவரு கடைக்காரர்கிட்ட ஏதோ கிண்டல் பண்ணாரு. நான் பேசாத ஒரு போன், வருஷம் பூரா வளந்துக்கிட்டே போச்சு. ஒவ்வொரு தடவையும் கடைசில, "வேற ஒண்ணும் சொல்லலியா?"ன்னு கேக்கும். "இல்ல பெரிம்மா, அவ்வளவுதான்" அப்படின்னு நகந்துடுவேன். பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லலாம்னு கோயில் வரைக்கும் போயிருக்கேன். ஃபாதர் மன்னிச்சு என்ன பிரயோசனம்? ஏமாந்தது கொளஞ்சிக்கா.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு அப்பப்ப வரும். செல்லப்பண்ணன் வெள்ளிக்கெழம சாயங்காலத்துலேர்ந்து ஞாயித்துக்கெழம காலை வரைக்கும் வீட்டுலதானே இருந்திருப்பாரு? புருஷன் பொண்டாட்டி இதப் பத்திப் பேசியிருக்க மாட்டாங்களா? அந்த நெனப்பு வந்தாலே வேற வேலையப் பார்க்கப் போயிடுவேன். பேசியிருந்தா அக்கா என்னைச் சும்மா விட்டிருக்குமான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்.

இப்ப டாக்டர் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு. அன்னிக்கு வந்தவங்கள்ல பாதிப் பேரு வகுப்ப விட்டாச்சு. கொளஞ்சிக்கா விடல. "சும்மா குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிக்குது மேரி. எழுத்தப் பார்த்துக்கினு இருந்தா வேற நெனப்பு வரல" அப்படிங்கும். நான் போய்க் கூப்பிட்டதும் மறுபேச்சுப் பேசாம வந்துடுச்சு. இந்தத் தடவ சொல்லிடணும்னு முடிவு பண்ணிக்கிட்டேன். ஸ்கேன் முடிஞ்சதும், பஸ்ல திரும்பறப்ப, என்ன ஆனாலும் சரி.

காந்த ரூம் வாசல்ல வழக்கமா கேக்கற கேள்விய நான்தான் கேக்கணும். எத்தனையோ பேருகிட்ட கேட்ட கேள்வி.

"அக்கா… உடம்புல உலோகம் ஏதாவது…"

"இன்னா இருக்குது?" அப்படின்னு சேலைத் தலைப்ப விலக்கிக் காட்டுச்சு. கழுத்துல ஒண்ணும் இல்ல. காதுல வேப்பங்குச்சி சொருகியிருந்துச்சு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு உள்ள கூட்டிட்டுப் போயிப் படுக்க வச்சேன். தலைக்கு ரெண்டு பக்கமும் பஞ்சு வச்சு, பயந்தா அமுக்கறதுக்கு ரப்பர் பந்தக் கைல குடுத்தேன். "பயம் இல்ல, நீ போ"ன்னுச்சு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து, திசை திசையா ஓடற மிஷினையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இந்தத் தடவையும் அது அசையல. நான்தான் நாற்காலில உக்கார முடியாம தவிச்சேன்.

முடிஞ்சதும் டாக்டர் சந்தோஷத்துல அக்காவையே உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, கம்ப்யூட்டர்ல ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டினாரு. "இது போன தடவ எடுத்தது. இது இப்ப எடுத்தது. இந்தப் பச்சை நார் இருக்கே, இது எழுத்துப் படிக்கறப்ப வேலை செய்யற நாருங்கள்ல ஒண்ணு. உங்க ஒருத்தர வச்சு எதுவும் சொல்லிட முடியாதும்மா. எல்லாரோடதையும் சேர்த்துப் பார்க்கணும்."

அக்கா டாக்டர் காட்டின நாரப் பார்க்கல. பழைய படத்துமேல விரல வச்சுச்சு.

"இது அவரு இருந்தப்ப எடுத்தது."

டாக்டர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. நான் அறைய விட்டு வெளிய வந்துட்டேன்.

திரும்பற பஸ்ல ஜன்னல் ஓரமா அக்கா, பக்கத்துல நான். ஈ.சி.ஆர். ரோட்டுல ஒவ்வொரு பெயர்ப்பலகையா அது எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டு வந்துச்சு. "பொம்…மை…யார்…பா…ளை…யம்." படிச்சிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும், சரியான்னு. நான் தலையாட்டுவேன். சொல்லுடி, சொல்லுடின்னு என்னை நானே கிள்ளிக்கிட்டேன். ஒவ்வொரு ஊரா போயிக்கிட்டே இருக்கு. கூனிமேடு வர்றதுக்குள்ள சொல்லலைன்னா எப்பவும் சொல்ல மாட்டேன்னு தோணிடுச்சு.

"அக்கா, நான் அன்னிக்கு அண்ணங்கிட்ட பேசவே இல்ல. லைன் கெடைக்கல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பொய் சொல்லிட்டேன். சாவு வீட்டுலயும் பொய்தான் சொன்னேன். என்னைச் செருப்பால அடிங்கக்கா."

சொல்லி முடிச்சதும் கண்ண மூடிக்கிட்டேன். அறை விழும்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் விழல. கண்ணத் தொறந்து பார்த்தா அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருக்கு.

"தெரியும்" அப்படின்னுச்சு.

"எப்படி…?"

"எப்படின்னு கேக்கற பாரு. வெள்ளிக்கெழம வீட்டுக்குப் போனதும் அவருகிட்ட சிரிச்சிக்கினே கேட்டேன், 'டீக்கடைல நின்னுக்கினு பெரிய மனுஷனாட்டம் போன்ல பேசினியாமே'ன்னு. 'எந்தப் போனு?'ன்னாரு. நா எல்லாத்தையும் சொல்லிட்டேன். அப்பத்தான் தெரிஞ்சுது, நீ பேசவே இல்லன்னு. அவரு நம்பல மேரி. நாந்தான் கேக்காம கழட்டிட்டு, உன் பேரச் சொல்லிச் சமாளிக்கறேன்னு நெனச்சிட்டாரு."

பஸ் கூனிமேட்டுல நின்னுச்சு. ஆளுங்க எறங்கினாங்க, ஏறினாங்க. அக்கா அந்தப் பலகையப் படிக்கல.

"கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். ரெண்டு அறை குடுத்திருந்தா கூட ஆறிப் போயிருக்கும். அந்தாளு கத்தவே இல்ல. 'என்னக் கேக்காமயே கழட்டினியா'ன்னு ஒரு வார்த்த. அதோட பேச்ச நிறுத்திட்டாரு. சனிக்கெழம பூரா எம்மூஞ்சியப் பார்க்கல. ஞாயித்துக்கெழமன்னா காலைலயே பையத் தூக்கிக்கினு கடைத்தெருவுக்குப் போயி வரிசைல நின்னு கறி எடுத்துக்கினு வருவாரு, ஒரு வாரம் தப்பினதில்ல. அன்னிக்கு நா பைய எடுத்து நீட்டினேன். வாங்கல. கடக்கரைப் பக்கமாப் போயிட்டாரு."

கடைத்தெரு ரோட்டு மேல இருக்கு, கடலுக்கு நேர் எதிர்த் திசைல. அங்க அன்னிக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரல. என் பொய்தான் அந்த மனுஷன கடக்கரைக்கு அனுப்பியிருக்கு. முன்சீட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டேன்.

"அப்புறம் ஏன்கா… எல்லாரு முன்னாலயும் என்னைக் கேளுன்னு சொன்னீங்க?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற? கோவிச்சுக்கினு போயிட்டாரு, பேசாமயே போயிட்டாருன்னு அவரப் பெத்தவகிட்ட சொல்லச் சொல்றியா? உன்னப் பார்க்கறப்பல்லாம் கன்னத்துல ஒண்ணு உடணும்னு கை துடிக்கும் மேரி. நெசமாத்தான் சொல்றேன். அப்பறம் நீ ஆரம்பிப்ப, 'டீ குடிச்சிக்கினு இருந்தாரு, சிரிச்சாரு, பயப்படாம போவச் சொன்னாரு'ன்னு. கை அடங்கிடும். பொய்தான். ஆனா அவரு அப்படிச் சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு கேட்டுக்கினே நிப்பேன்." மூக்கச் சிந்திட்டுத் தொடர்ந்துச்சு. "நானும் யோக்கியம் இல்ல. 'இன்னொரு தடவ போன் போடு, நானே பேசறேன்'னு சொல்லியிருக்கலாம்ல? எனக்கும் அந்த மிஷினுல படுக்கணும்னு ஆச. நீ சொன்னதும் லபக்குனு புடிச்சுக்கினேன்."

"நான் பெரிம்மாகிட்ட உண்மையச் சொல்லிடறேன்கா. இனிமே என்னால முடியாது."

சடார்னு திரும்பி என் மணிக்கட்டப் புடிச்சுச்சு. உப்பு வாரின கை, அப்படிப் புடிச்சா எலும்பு வலிக்கும்.

"வாயத் தொறந்தின்னா தெரியும். உனக்கு முடியல, எறக்கி வச்சிட்டுப் போவணும், அதானே? எங்கூட்டுல எறக்கி வைக்காத. அந்தக் கெழவி உசுரு அந்தப் போன்ல தொங்கிக்கினு இருக்குது. அது கண்ண மூடற வரைக்கும் நீதான் சொல்லணும். கேக்கறப்பல்லாம் சொல்லணும். புரியுதா?"

புரிஞ்சுதுன்னு தலையாட்டினேன். மரக்காணம் நெருங்கிடுச்சு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பாத்தியக் கட்டித் தண்ணி விட்டிருந்தாங்க, அந்த வருஷத்து உப்புக்கு.

நான் என் வீட்டுக்குப் போயிடலாம்னு பார்த்தேன். அக்கா விடல. "வா"ன்னு முன்னால நடந்துச்சு. கெழவி வாசல்ல முருங்கக்கீரை உருவிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. எங்களப் பார்த்ததும் கீரைய முறத்துல போட்டுட்டு, கையத் தொடச்சுக்கிட்டு, பக்கத்துல எடம் காட்டுச்சு.

"போட்டாங்களா மிஷினுல? பயந்தாளா இவ?"

"இல்ல பெரிம்மா, ஆடாம அசையாமப் படுத்திருந்தாங்க."

"பயப்படாம போன்னு எம்புள்ள சொல்லிட்டுத்தானே போயிருக்கான். மேரி, அன்னிக்கு அவன் இன்னா சொன்னான், ஒரு தடவ சொல்லு."

நான் கொளஞ்சிக்காவப் பார்த்தேன். அது வாசக்கால்ல சாஞ்சு நின்னுக்கிட்டு என்னையே பார்த்துச்சு. சொன்னேன். கடைல டீ குடிச்சிக்கிட்டு இருந்தாரு. சிரிச்சாரு. மிஷினுக்குள்ள போறவ கழட்டித்தானே ஆவணும், பயப்படாம போவச் சொல்லுன்னாரு. எத்தனையோ தடவ சொன்ன வார்த்தைங்கதான்.

கெழவி கண்ணத் தொடச்சுக்கிட்டு, வழக்கம் போல கேட்டுச்சு. "வேற ஒண்ணும் சொல்லலியா?"

இல்ல பெரிம்மான்னு சொல்ல நான் வாயெடுத்தேன். அதுக்குள்ள கொளஞ்சிக்கா சொல்லுச்சு.

"சொன்னாராம் அத்தே. இவ இத்தினி நாளு மறந்துட்டா, இன்னிக்கு பஸ்லதான் நெனப்பு வந்து சொன்னா. 'அவகிட்ட சொல்லு, ஞாயித்துக்கெழம நா கறி எடுத்துக்கினு வந்துடறேன்'னாராம்." குரல் கொஞ்சம் கூட நடுங்கல. கண்ணு மட்டும் என்னை விட்டு நகரல. "இல்ல மேரி?"

"ஆமா பெரிம்மா"ன்னேன். "சொன்னாரு."